குருதியில் ஓர் எண்: டியூமர் மார்க்கர் பரிசோதனையும் திருகோணமலையின் தேவையும்

தனியார் ஆய்வுகூடத்தின் அறிக்கைத் தாள் ஒன்று. சி.ஏ. 125 என்ற பெயருக்கு நேரே 48 என்ற எண். அளவு கூட என்பதைக் காட்ட அது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் 35க்குக் கீழ் இருப்பதே இயல்பு என்ற குறிப்பு. ஏன் கூடியது, அடுத்து என்ன செய்வது என்று தாளில் ஒரு சொல்லும் இல்லை. கிண்ணியாவிலோ மூதூரிலோ உப்புவெளியிலோ உள்ள ஒரு வீட்டுக்கு இப்படியொரு தாள் வந்து சேர்ந்தால், வைத்தியரைக் காணுமுன்னரே குடும்பம் முடிவெடுத்துவிடும்: புற்றுநோய்தான், மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். பிறகு இரவு ரயிலுக்கு ஆசனம் தேடுவதும், கொழும்புக் கோட்டையில் இறங்கி 138 பஸ் பிடிப்பதும், துணைக்கு வருபவர் வேலைக்கு விடுப்புச் சொல்வதும், நகை அடகுக்குப் போவதும் தொடரும்.

அந்த 48க்கு மாதவிடாய் காரணமாக இருந்திருக்கலாம். கருப்பையில் வளரும் சாதாரண நார்க்கட்டியோ, வயிற்றுக்குள் பரவிய காசநோயோ, இதயம் பலவீனமாகி உடலில் நீர் தேங்கியதோ காரணமாக இருந்திருக்கலாம். சூலகப் புற்றுநோயும் காரணமாக இருந்திருக்கலாம். எது என்பதைச் சொல்லும் ஆற்றல் அந்த எண்ணுக்குக் கிடையாது.

டியூமர் மார்க்கர் பரிசோதனைகள் பயனற்றவை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உரிய இடத்தில் அவை உயிர் காக்கின்றன. கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோயைப் பின்தொடர்வதில்தான் அவற்றின் பலம் இருக்கிறது. நோய்க்குறி எதுவுமில்லாத ஒருவரின் உடலில் புற்றுநோயைத் தேடுவதற்கு, ஒருசில விதிவிலக்குகள் தவிர, அவை உதவுவதில்லை. சிறப்புச் சிகிச்சைக்காக நெடுந்தூரம் பயணிக்க வேண்டியிருக்கும் திருகோணமலை மக்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரிந்திருக்க வேண்டும்.

மார்க்கர்கள் வந்த வழி

புற்றுக் கலங்கள் சில பொருட்களைச் சுரக்கின்றன. அல்லது அவற்றின் தூண்டலால் உடலின் வேறு கலங்கள் சுரக்கின்றன. குருதியிலோ சிறுநீரிலோ அளக்கக்கூடிய அத்தகைய பொருளே டியூமர் மார்க்கர். இவ்வகையில் முதலில் அறியப்பட்டது 1840களில் லண்டனில். எலும்பு வலியால் துடித்த ஒரு நோயாளியின் சிறுநீரில் விசித்திரமான ஒரு புரதத்தை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வைத்தியர் விவரித்தார். எலும்பு மச்சையில் தோன்றும் மயலோமா புற்றுநோயின் அடையாளமாக அந்தப் புரதம் இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது.

அதன்பின் நூறாண்டுக்கு மேல் பெரிய நகர்வு இல்லை. 1963இல் மொஸ்கோவில் காரி அபெலெவ், கருவிலுள்ள குட்டியின் குருதியில் காணப்படும் ஏ.எஃப்.பி. என்ற புரதம் ஈரல் புற்றுநோயுள்ள எலிகளில் மீண்டும் தோன்றுவதைக் கண்டார். 1965இல் மொன்றியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும் பெருங்குடல் புற்றுநோயில் சி.இ.ஏ. என்ற பொருளை இனங்கண்டனர். மிகச் சிறிய அளவையும் அளக்கும் முறையை ரொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் உருவாக்கியிருந்தனர். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே இலக்கை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளை ஆய்வுகூடத்தில் தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். அந்த வழியில்தான் 1981இல் ரொபர்ட் பாஸ்டின் குழு சி.ஏ. 125ஐக் கண்டடைந்தது. இன்று தானியங்கி இயந்திரம் ஒரு குழாய்க் குருதியில் இவை எல்லாவற்றையும் அளந்து தந்துவிடும். அளப்பது இலகுவானது, பொருள் கொள்வது இலகுவாகவில்லை.

காரணம், இவற்றில் அநேகமாக எதுவும் புற்றுநோய்க்கு மட்டும் உரித்தான பொருளல்ல. பி.எஸ்.ஏ.யை ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பி இயல்பாகவே சுரக்கிறது. வயதோடு சுரப்பி பருத்தாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும், சிறுநீர்க் குழாய் இட்டாலும் அது கூடும். புகைபிடிப்பவர்களின் குருதியில் சி.இ.ஏ. கூடுதலாக இருப்பது வழமை. பித்தக்கானில் கல் அடைத்தால் சி.ஏ. 19-9 பல மடங்கு உயரும். ஏ.எஃப்.பி.யும் பீட்டா எச்.சி.ஜி.யும் கர்ப்ப காலத்தில் இயல்பாகவே கூடும்.

மறுபக்கமும் இருக்கிறது. முதலாம் கட்டச் சூலகப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கே சி.ஏ. 125 உயர்கிறது. மரபணு அமைப்பின் காரணமாகச் சி.ஏ. 19-9ஐச் சுரக்கவே முடியாதவர்கள் மக்களில் 5 முதல் 10 சதவீதம் இருக்கிறார்கள். சதையியில் புற்று வளர்ந்தாலும் அவர்களது எண் அசையாது. மார்பில் சிறு கட்டியிருக்கும் பெண்ணுக்குச் சி.ஏ. 15-3 இயல்பாக இருப்பது சாதாரணம். எண் கூடியதால் வரும் பயம் ஒரு தீங்கு என்றால், எண் இயல்பாக இருப்பதால் வரும் நிம்மதி அதைவிடப் பெரிய தீங்கு. கட்டியைக் கையால் உணர்ந்த ஒருவர், குருதியில் ஒன்றுமில்லை என்ற தாளை நம்பி ஆறு மாதம் காத்திருந்தால், சிகிச்சைக்கு இலகுவான காலம் கைவிட்டுப் போய்விடும்.

தேடும்போது நேர்வது

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதவிடாய் நின்ற 10,000 பெண்களைப் பரிசோதிக்கிறோம். அவர்களில் 4 பேருக்குச் சூலகப் புற்றுநோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நோய் அந்தளவு அரிதானது. நம் சோதனை அந்த நால்வரில் மூவரைப் பிடித்துவிடுகிறது. நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 98 பேருக்குச் சரியாகவே இயல்பு என்று காட்டுகிறது. நல்ல சோதனை என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் எஞ்சிய 2 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 200 பெண்கள். ஆக 203 பேரின் தாளில் எண் கூடியிருக்கும். அவர்களில் மூவருக்கே நோய் இருக்கும். 200 பேர் ஸ்கான், மறுபரிசோதனை, சிலவேளை சத்திரசிகிச்சை என்று அலைய வேண்டும். நோயுள்ள நான்காவது பெண்ணோ தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இந்தக் கணக்கு காகிதத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 78,216 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு ஆண்டுதோறும் சி.ஏ. 125 சோதனையும் ஸ்கானும் செய்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. சோதனை செய்தவர்களிடையே சூலகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. நோயில்லாமலே நோயிருப்பதாகக் காட்டப்பட்டவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேர் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார்கள். அவர்களிலும் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்பட்டது. புற்றுநோய் இல்லாத பெண்கள் இவர்கள். சோதனைக்குப் போயிராவிட்டால் அந்தச் சத்திரசிகிச்சை அவர்களுக்குத் தேவைப்பட்டிராது.

ஒரே ஒரு எண்ணைப் பாராமல் ஆண்டுக்காண்டு எண் எப்படி மாறுகிறது என்று பார்த்தால் நிலைமை மாறுமா? பிரித்தானியாவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் அதையும் செய்து பார்த்தார்கள். நோய் சற்று முந்திய கட்டங்களில் பிடிபட்டது. ஆனால் 2021இல் வெளியான நீண்டகால முடிவின்படி உயிரிழப்பு குறையவில்லை.

ஜப்பானின் அனுபவம் இன்னும் கனமானது. 1980களின் நடுவில் ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை செய்து நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயைத் தேடும் தேசியத் திட்டத்தை அந்த நாடு தொடங்கியது. பல குழந்தைகளிடம் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் கணிசமானோரின் கட்டிகள் தாமாகவே கரைந்து போகக்கூடியவை. ஜேர்மனியிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள் இத்தகைய தேடலால் மரணம் குறையவில்லை என்று 2002இல் காட்டின. சிறிது காலத்தில் ஜப்பான் திட்டத்தை நிறுத்தியது. தேவையற்ற சத்திரசிகிச்சைக்கும் கடும் மருந்துக்கும் உள்ளான குழந்தைகள் அதற்குள் பலர்.

பி.எஸ்.ஏ. மட்டும் இன்னும் வாதத்துக்குரியதாக இருக்கிறது. 4க்குக் கீழ் இருந்தால் பயமில்லை என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. அந்த எல்லைக்குள் இருந்த ஆண்களின் இழையத்தை எடுத்துப் பார்த்தபோது 15 சதவீதத்தினருக்குப் புற்று இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு சொன்னது. அவற்றில் பல, வாழ்நாள் முழுதும் தொந்தரவு செய்யாதவை. ஐரோப்பாவில் 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2025இல் வெளியானது. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புரொஸ்டேட் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்திருந்தது. 456 ஆண்களை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படும் என்பது அதன் கணக்கு. பயன் உண்டு, சிறியது. விலையாகச் சிலருக்குச் சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும், தாம்பத்திய வாழ்வு பாதிக்கப்படும். ஆகவே 55 முதல் 69 வயதுக்குட்பட்ட ஆண் ஒருவர் வைத்தியரோடு பேசி, இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு, தானே முடிவெடுக்க வேண்டிய சோதனை இது. செக்கப் பக்கேஜில் சேர்ந்து வருகிறது என்பதற்காகச் செய்துவிட்டுப் பின்னர் யோசிக்கக் கூடாது.

நான் சொன்ன விதிவிலக்குகளில் ஈரல் முக்கியமானது. ஈரல் சுருங்கியவர்கள், நீண்டகால மஞ்சட்காமாலை பி தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கானும் ஏ.எஃப்.பி.யும் செய்வது பயன் தரும். சாங்காயில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் இப்படிச் செய்தவர்களிடையே ஈரல் புற்றுநோய் மரணம் 37 சதவீதம் குறைந்தது. இங்கே தேடல் வெற்றி பெற்றதற்குக் காரணம், தேடிய கூட்டத்தில் நோய் அரிதாக இல்லை என்பதுதான்.

பின்தொடரும்போது

இதே எண்கள் சிகிச்சைக்குப் பின் எவ்வளவு பெறுமதி மிக்கவை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியு லீ என்ற சீன வைத்தியர், கர்ப்பத்தின் பின் தோன்றும் கோரியோகாசினோமா என்ற கொடிய புற்றுநோய்க்கு மெதோட்ரெக்சேட் மருந்தைக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் நுரையீரல் கட்டிகள் மறைந்தன. எல்லோரும் சிகிச்சை முடிந்தது என்று நினைத்தார்கள். லீ மட்டும் சிறுநீரில் எச்.சி.ஜி. இன்னும் இருப்பதைக் கண்டு, அது முற்றாக மறையும்வரை மருந்தைத் தொடர்ந்தார். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு நஞ்சைக் கொடுக்கிறார் என்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் தொடர்ந்து மருந்து கொடுத்த பெண்கள் குணமானார்கள். கட்டி மறைந்தவுடன் மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. 1972இல் லஸ்கர் விருது அவருக்கும் வழங்கப்பட்டது.

அந்தப் பாடம் எங்கள் மகப்பேற்று விடுதிகளில் இன்றும் பயன்படுகிறது. முத்துப்பிள்ளை என்று சொல்லப்படும் கர்ப்பத்தில் குழந்தை உருவாகாமல் நஞ்சுக்கொடி திராட்சைக் குலைபோல் வளரும். அதை அகற்றியபின் கிழமைக்கொருமுறை பீட்டா எச்.சி.ஜி. பார்க்க வேண்டும்; இயல்புக்கு வந்தபின்னும் மாதாமாதம் சில காலம் பார்க்க வேண்டும். எண் இறங்கிக்கொண்டே போனால் நிம்மதி. நின்றுவிட்டால், அல்லது ஏறினால், உள்ளே மிச்சம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் மருந்து கொடுத்தால் அநேகமாக எல்லோரும் குணமாவார்கள். இடையில் கர்ப்பம் தரித்தால் எண் குழம்பிவிடும் என்பதால் குடும்பக் கட்டுப்பாடு கட்டாயம். உடம்பு சுகமாகிவிட்டது என்று மூதூரிலுள்ள ஓர் இளம் தாய் கிளினிக்குக்கு வராமல் விட்டால், உயிர் காக்கும் ஒரு சோதனை கைநழுவுகிறது.

இளைஞர்களுக்கு விதையில் வரும் புற்றுநோயிலும் இதே தெளிவு உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின் ஏ.எஃப்.பி. 5 முதல் 7 நாட்களில் பாதியாக வேண்டும், எச்.சி.ஜி. ஒன்று ஒன்றரை நாளில் பாதியாக வேண்டும். அந்த வேகத்தில் இறங்கவில்லை என்றால் சிகிச்சை போதவில்லை. தைரொயிட் புற்றுநோய் இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. சுரப்பியை முழுவதும் அகற்றியபின் தைரோகுளோபுலின் என்ற புரதம் குருதியில் அநேகமாக இல்லாமற்போக வேண்டும், பின்னாளில் தலைகாட்டினால் நோய் திரும்பியிருக்கக்கூடும். பெருங்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் சில ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கொருமுறை சி.இ.ஏ. பார்ப்பது வழமை, ஈரலில் ஒரே ஒரு கட்டியாக நோய் திரும்பும்போதே கண்டால் அதை வெட்டி அகற்ற இடமுண்டு.

ஆனால் பின்தொடர்தலுக்கும் எல்லை இருக்கிறது. சூலகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தவர்களில், சி.ஏ. 125 ஏறியவுடனேயே மருந்து தொடங்கியவர்களையும், நோய்க்குறி வரும்வரை காத்திருந்தவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு காலமே வாழ்ந்தன. முந்தி மருந்தெடுத்தவர்கள் அதன் துன்பத்தைக் கூடுதல் காலம் அனுபவித்ததுதான் மிச்சம். எண்ணைத் தெரிந்துகொள்வதால் சிகிச்சை மாறுமா என்ற கேள்விக்கு ஆம் என்ற விடை இருந்தால்தான் சோதனைக்குப் பொருளுண்டு.

கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இந்த மாதிரி இருக்கும்:

"டொக்டர், போன முறை மூன்று, இந்த முறை நாலரை. திரும்ப வந்திட்டுதா?"

"இல்லை அம்மா, ஒரு தாளை வைச்சு முடிவெடுக்க ஏலாது. போன முறை எங்க எடுத்தனீங்கள்?"

"அது கொழும்பில. இது இஞ்ச, பிரைவேட்டில."

கேள்விக்குரிய விடை அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் வெவ்வேறு பிறபொருளெதிரியைப் பயன்படுத்துவதால் ஒரே குருதிக்கு இரண்டு இயந்திரம் இரண்டு எண் தரும். ஆகவே தொடர் சோதனைகளை இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் குருதியை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பும் நிலையங்களும் உண்டு. எந்த ஆய்வுகூடம், எந்த முறை என்று தாளில் இருப்பதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய தாள்களைத் திகதி வாரியாக ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டுபோக வேண்டும். முடி, நகம் வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரை சில முறைகளில் எண்ணைப் பிழையாக்கும் என்பதால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எண் ஏறியிருந்தால் சில கிழமைகளில் மறுமுறை எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை.

எங்கள் மாவட்டத்தில் தேட வேண்டிய இடம்

இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு அதன் பிரதான காரணம். புகையிலை சேராத பாக்கு மட்டும்கூடப் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. இரவில் வலை வீசும் கடற்றொழிலாளி தூக்கம் கலைக்கப் போடுவதும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் பசி மறக்கப் போடுவதும் இதைத்தான். இந்தப் புற்றுநோயைத் தேட நம்பகமான குருதிச் சோதனை எதுவும் இல்லை. தேவைப்படுவது ஒரு டோர்ச் வெளிச்சமும் பயிற்சி பெற்ற ஒருவரின் கண்ணும்தான். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் இவைதான் மார்க்கர்கள்.

இதற்கான சான்று கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளில் 1996 முதல் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மது பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் முடிவு வந்தது. அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்களால் வாய்ப் புற்றைக் கண்டுபிடிக்க முடியும் என்று 1980களின் தொடக்கத்திலேயே இலங்கையில் நடந்த ஆய்வு காட்டியிருந்தது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குத் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம் சாட்சி. வினாகிரியில் உள்ள அசெற்றிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையை அங்கே தாதியர் கையாண்டனர். அந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் வெளியான ஆய்வு கூறியது. மும்பையில் 1,51,538 பெண்களிடம் இருபது ஆண்டுகள் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண்கள் கையால் மார்பைச் சோதித்ததால் 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்புப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

இலங்கையில் இவற்றுக்கான கட்டமைப்பு ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996 முதல் வெல் வுமன் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துச் சோதனைக்கு அழைக்கிறார்கள், மார்பையும் பார்க்கிறார்கள். 2017 முதல் பாடசாலைச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. அரச பல் கிளினிக்குகளில் வாயைக் காட்டக் காசு வேண்டாம். ஆயிரக்கணக்கான ரூபாவைக் கொடுத்து மார்க்கர் பக்கேஜ் எடுக்கும் குடும்பம், மருத்துவமாது வீட்டுக்கு வந்து சொல்லிப்போன இலவசச் சோதனைக்குப் போகாமல் விடுவது இந்த மண்ணில் நடக்கிறது. அதில் குடும்பத்தைக் குறைசொல்வதில் நியாயமில்லை. இயந்திரம் அச்சடித்த எண் நவீனமாகத் தெரிகிறது. டோர்ச் அடித்து வாயைப் பார்ப்பது பழைய வைத்தியமாகத் தெரிகிறது. எது உயிர் காக்கும் என்று எவரும் அவர்களுக்கு ஒப்பிட்டுச் சொல்லவில்லை.

மாவட்டம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, மீன்பிடி இறங்குதுறைகளிலும் துறைமுகத் தொழிலாளர்களிடையேயும் வாய்ச் சோதனை முகாம்களை ஒழுங்காக, ஆண்டுதோறும் நடத்துவது. கடலுக்குப் போகாத நாளும் நேரமும் பார்த்து நடத்தினால்தான் ஆண்கள் வருவார்கள். இரண்டாவது, புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துத் திரும்பியவர்களின் தொடர் மார்க்கர் சோதனைகளை இங்கேயே எடுத்து, எண்களை அவர்களுக்குச் சிகிச்சையளித்த மகரகமவுக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்பும் ஏற்பாடு. ஒரு குழாய்க் குருதிக்காக ஒரு நோயாளி இருநூற்றைம்பது கிலோமீற்றர் பயணிக்கத் தேவையில்லை. பயணச் செலவு குறைந்தால் முத்துப்பிள்ளைத் தாயும் பெருங்குடல் நோயாளியும் இடையில் விட்டுப்போவது குறையும். மூன்றாவது, நோய்க்குறி இல்லாதவருக்கு மார்க்கர் சோதனை விற்கும் எந்த நிலையமும், எண் கூடினால் அடுத்து என்ன, யாரைக் காண்பது என்பதை அவரது மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி.

வாசகர் தன்னளவில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. யாராவது மார்க்கர் சோதனை செய்யச் சொன்னால், குருதி கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த நோயை மனதில் வைத்து இதைச் செய்கிறோம்? எண் கூடினாலோ குறைந்தாலோ என் சிகிச்சையில் எது மாறும்? சிகிச்சை பெற்ற நோயாளிக்கு இரண்டுக்கும் பெரும்பாலும் தெளிவான விடை கிடைக்கும். அவர் ஒரு தவணையும் தவறவிடக் கூடாது. சுகமாக இருப்பவருக்கு விடை கிடைக்கவில்லை என்றால், அந்தக் காசை வீட்டில் வைத்துவிட்டு, அருகிலுள்ள பல் கிளினிக்குக்கோ வெல் வுமன் கிளினிக்குக்கோ இந்த மாதமே போய்வரட்டும்.